குஸ்தி வாத்தியாருக்கு ஒரு நாற்காலி

தசரா சமயத்தில் மைசூர் போகிறவர்கள் அரண்மனை விளக்குகளைப் பார்ப்பார்கள், அம்பாரி சுமந்து வரும் யானையைப் பார்ப்பார்கள், மைசூர்பாகு வாங்கிக்கொண்டு ரயிலேறுவார்கள். பொருட்காட்சி நடக்கும் இடத்துக்கு அருகே, தொட்டகெரே மைதானத்தில், தேவராஜ அரசு பெயரிலுள்ள அரங்கத்தில் அதே நாட்களில் நடப்பதை எட்டிப் பார்க்கும் வெளியூர்க்காரர்கள் மிகக் குறைவு. உள்ளூர்க்காரர்களுக்கு அதுதான் தசரா. செம்மண் கோதா, சுற்றிலும் தலைகள், நடுவில் எண்ணெய் மினுங்கும் இரண்டு உடம்புகள். ஒருவன் தோள் இரண்டும் மண்ணில் பட்டதும் எழும் கூச்சல் சாமுண்டி மலைவரை கேட்கும்போல் இருக்கும். ஜெயித்தவனுக்குப் பட்டம் உண்டு. ‘தசரா கண்டீரவா’, ‘தசரா கேசரி’, ‘தசரா குமார்’. பெண்களுக்கு ‘தசரா கிஷோரி’. தோளில் ஒரு கதாயுதம். அதைத் தூக்கிக்கொண்டு அவன் கோதாவை ஒரு சுற்று வரும்போது பிள்ளையார் கோயில் உற்சவம் மாதிரிதான்.

கோதா ஓரத்தில் இரண்டு விதமான வாத்தியார்களைப் பார்க்கலாம். ஒருவர் உஸ்தாத். காது மடல் நசுங்கி, கழுத்துப் பருத்து, தொப்பை வைத்திருந்தாலும் நடையில் இன்னும் பயில்வான். அவருடைய கரடியிலிருந்து, அதாவது உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து, வந்த பையன் கீழே விழுந்தால் அவர் முகத்தைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அவர் இந்துவோ முஸ்லிமோ, இருவருக்கும் ‘உஸ்தாத்’ என்ற ஒரே சொல்தான். இன்னொருவர் டிராக் சூட் போட்டவர், கழுத்தில் விசில், கையில் பெயர்ப் பட்டியல். பையன்கள் இவரை ‘சார்’ என்கிறார்கள். கல்லூரிக்கோ பல்கலைக் கழகத்துக்கோ கோச்சாக இருப்பவர். மண் குஸ்தி நடக்கும்போது அவருக்கு அதிக வேலை இல்லை. பக்கத்தில் ரப்பர் மெத்தை விரித்து ‘பாயிண்ட் குஸ்தி’ ஆரம்பிக்கும்போதுதான் அவர் எழுந்து வருகிறார். இந்த வாரம் எனக்கு அவரைப் பற்றித்தான் எழுதவேண்டும்.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். குஸ்தி தெரிந்த ராஜாக்கள் நம் பக்கத்திலும் உண்டு. போரவைக்கோப்பெருநற்கிள்ளி என்ற சோழன் ஆமூர் மல்லனோடு பொருததைப் புறநானூறு பேசுகிறது. நரசிம்மவர்ம பல்லவனின் ‘மாமல்லன்’ என்ற பட்டத்தில்தான் மாமல்லபுரமே இருக்கிறது. ஆனால் மல்யுத்தத்தை அரசாங்கத்தின் ஒரு இலாகா மாதிரி வைத்துக் காப்பாற்றியது மைசூர் உடையார்கள். 1638லிருந்து 1659 வரை ஆண்ட ரணதீர கண்டீரவ நரசராஜ உடையார் பட்டத்துக்கு வரும் முன்பே மாறுவேடத்தில் திருச்சிராப்பள்ளிக்கு வந்து, அங்கே யாராலும் தோற்கடிக்க முடியாமல் இருந்த ஒரு மல்லனை வீழ்த்திவிட்டு, சத்தமில்லாமல் ஊர் திரும்பினார் என்று மைசூரில் கதை உண்டு. கதையில் தோற்றவர் நம் ஊர்க்காரர் என்பதால் நமக்கு இது அவ்வளவாகச் சொல்லப்படவில்லை. கன்னடத்தில் ராஜ்குமார் நடித்து 1960ல் படமாகவே வந்துவிட்டது. தசராவின் பெரிய பட்டத்தில் இருக்கும் கண்டீரவா இவர்தான்.

அரண்மனையோடு ஒட்டிக்கொண்டவர்கள் ஜெட்டிகள். பரம்பரை மல்லர்கள், பூணூல் போட்டவர்கள். எட்கர் தர்ஸ்டன் 1909ல் எழுதிய தென்னிந்திய ஜாதிகள் பற்றிய புத்தகத்தில் தஞ்சாவூரில் வாழ்ந்த ஜெட்டிகளையும் குறிப்பிடுகிறார். தமிழர்கள் நடுவில் வீட்டில் தெலுங்கு பேசிக்கொண்டு இருந்தார்கள். சுளுக்கு, நரம்பு வலி என்று போனால் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதும் அவர்கள் தொழில். மனித உடம்பு எந்த மூட்டில் எந்தப் பக்கம் திரும்பும், எங்கே திரும்பாது என்பதைக் கல்லூரி இல்லாமல் தலைமுறை தலைமுறையாகப் படித்தவர்கள். இன்றும் விஜயதசமியன்று, யானை ஊர்வலம் கிளம்பும் முன், அரண்மனை முற்றத்தில் வஜ்ரமுஷ்டி காளகம் நடக்கிறது. மொட்டைத் தலை, விரல்களில் கோத்த கூரிய ஆயுதம், மைசூர், சாமராஜநகர், சென்னபட்டணம், பெங்களூர் என்று நான்கு ஊர்களிலிருந்து தேர்ந்தெடுத்த ஜோடிகள். தலையில் முதல் சொட்டு ரத்தம் வந்ததும் சண்டை முடிந்தது. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள். மாதக்கணக்கில் செய்த தயாரிப்பு அந்த ஒரு நிமிடத்துக்குத்தான்.

இதே அரண்மனையில் இன்னொரு கூடத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். 1930களில் ஜகன்மோகன் அரண்மனையில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் யோகசாலை நடத்தினார். பி.கே.எஸ். ஐயங்கார் அங்கேதான் கற்றார். பட்டாபி ஜோயிஸ் பிறகு மைசூர் சமஸ்கிருதக் கல்லூரியிலேயே யோகா ஆசிரியராக இருந்தார். ‘மைசூர் அரண்மனையின் யோக மரபு’ என்று 1996ல் புத்தகம் எழுதிய நார்மன் ஸ்ஜோமன், அந்த யோகப் பயிற்சியில் மல்லர்களின் தண்டால், பஸ்கி, கயிற்றுப் பயிற்சிகளின் சாயல் இருக்கிறது என்கிறார். யோகா அறிஞர்களில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அந்த விவாதத்தில் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை. ஆனால் ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்துப் பக்கத்துக் கூடங்களிலிருந்து கிளம்பிய இரண்டு வித்தைகளில் யோகா உலகம் சுற்றிவிட்டு வந்து பல்கலைக் கழகத்தில் துறையும் பட்டமும் வாங்கிவிட்டது. அதைக் கற்க மைசூருக்கு இன்றும் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். குஸ்தி கரடியிலேயே நின்றுவிட்டது.

மைசூர்ப் பல்கலைக் கழகம் 1916 ஜூலையில் பிறந்தது. நாலாம் கிருஷ்ணராஜ உடையார் மகாராஜா, விசுவேசுவரய்யா திவான். சமஸ்தானம் ஒன்றில் ஏற்பட்ட முதல் பல்கலைக் கழகம். அதுவரை மகாராஜா கல்லூரி மாணவர்கள் சென்னைப் பல்கலைக் கழகத்தின் பட்டத்தைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான்கு வருஷம் கழித்து, 1920ல், சென்னையில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். தெற்கே நான்கு மாநிலங்களிலும் பள்ளி, கல்லூரி விளையாட்டு வாத்தியார்கள் என்றொரு வர்க்கமே அங்கிருந்து கிளம்பியது. நம் பள்ளிக்கூடங்களில் ‘டிரில் மாஸ்டர்’, ‘பி.டி. சார்’ என்று சொன்னோமே, அவர்களுடைய வாத்தியார் பக்.

ஆனால் பி.டி. சார் வேறு, கோச் வேறு. ஒரு பல்கலைக் கழகத்துக்குக் குஸ்தி கோச் ஆகவேண்டுமானால் முதலில் நீங்கள் மல்லராக இருந்திருக்க வேண்டும். முழங்காலோ தோளோ ஒத்துழைக்க மறுத்த பிறகு பாட்டியாலா போகவேண்டும். அங்கே பழைய மகாராஜாவின் மோதிபாக் அரண்மனையில் 1961லிருந்து தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. உடலியக்கம், உடலியங்கியல், உளவியல், பயிற்சித் திட்டம் எல்லாம் படித்து டிப்ளமா வாங்கவேண்டும். பத்து வயதில் கரடியில் உஸ்தாத் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்ததற்கெல்லாம் அங்கே பெயரும் வரைபடமும் இருப்பதைப் பார்த்து ஆச்சரியப்பட்டுக்கொண்டே தேறிவரவேண்டும். அப்புறம் வேலை காலியாக வேண்டும்.

வேலை கிடைத்தாலும் நீங்கள் ஆசிரியர் இல்லை. பல்கலைக் கழக மானியக் குழுவின் ஊதிய விதிமுறைகளில் பேராசிரியர்கள் வருகிறார்கள், நூலகர்கள் வருகிறார்கள், உடற்கல்வி இயக்குநர்களும் வருகிறார்கள். கோச் என்றொரு பதவி அந்தப் பட்டியலில் இல்லை. எனவே ஒவ்வொரு பல்கலைக் கழகமும் தனக்குத் தோன்றிய இடத்தில் அவரை உட்கார்த்தி வைக்கலாம். சில இடத்தில் நிரந்தரம், சில இடத்தில் ஒப்பந்தம், சில இடத்தில் போட்டிக்கு முந்தைய சில வாரங்களுக்கு மட்டும் தினக்கூலி மாதிரி. பதக்கம் மட்டும் நிரந்தரமாக வேண்டும். பல்கலைக் கழகங்களுக்கு 1956-57லிருந்து மௌலானா ஆசாத் கோப்பை என்று ஒன்று வழங்கப்படுகிறது. மொத்த விளையாட்டுச் சாதனைகளைப் புள்ளிகளாகக் கூட்டிப் பார்த்துக் கொடுப்பது. அமிர்தசரஸ் குருநானக் தேவ் பல்கலைக் கழகம் இருபது தடவைக்கு மேல் வாங்கியிருக்கிறது. அந்தப் புள்ளிகளை மண்ணில் புரண்டு சம்பாதித்துக் கொடுக்கிற ஆளுக்குக் கல்விக் குழுக் கூட்டத்தில் நாற்காலி இல்லை.

இவர் செய்யும் வேலைதான் என்ன? வெளியிலிருந்து பார்த்தால் விசில் ஊதுவது. உள்ளே போனால் முதல் சிக்கல் மண். மைசூர்க் கரடிகளின் செம்மண் சலித்து, எண்ணெயும் மஞ்சளும் சேர்த்துப் பதமாக்கியது. குனிந்துதான் உள்ளே நுழைய முடியும், அனுமார் படத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு மண்வெட்டியால் கோதாவைக் கொத்திப் புரட்டுவதிலேயே பாதி உடற்பயிற்சி முடிந்துவிடும். அந்த மண் காலைப் பிடித்துக்கொள்ளும். அதனால் மண் குஸ்திக்காரன் நிமிர்ந்து நிற்பான், பிடி போட்டபின் பொறுமையாகக் காத்திருப்பான், எதிராளியின் லங்கோட்டைப் பிடித்துத் தூக்குவான். நேரம் அவன் பக்கம். தோள் இரண்டும் மண்ணில் பட்டால் வெற்றி, படாவிட்டால் ஒன்றுமில்லை.

மெத்தையில் இதெல்லாம் தலைகீழ். மும்மூன்று நிமிடமாக ஆறு நிமிடம்தான் ஆட்டம். உடையைப் பிடித்தால் தவறு. ஒன்பது மீட்டர் வட்டத்துக்கு வெளியே கால் போனால் எதிராளிக்கு ஒரு புள்ளி, பின்பக்கம் போய்க் கீழே கொண்டுவந்தால் இரண்டு, நன்றாகத் தூக்கி எறிந்தால் நான்கு அல்லது ஐந்து. பிரீஸ்டைலில் பத்துப் புள்ளி வித்தியாசம் வந்தால் அங்கேயே மணி அடித்துவிடும். சும்மா நின்றால் நடுவர் கண்டிப்பார். இடுப்பை இறக்கி, குனிந்து, மின்னல் மாதிரி எதிராளியின் காலுக்குப் பாயவேண்டும். பதினெட்டு வயதுவரை நிமிர்ந்து நின்று பழகிய ஒரு முதுகெலும்பைக் குனியவைக்க கோச்சுக்குக் கிடைப்பது மூன்று வருஷப் பட்டப்படிப்பு. அதிலும் செமஸ்டர் பரீட்சை, விடுமுறை, ஊரில் திருவிழா குஸ்தி. ஞாயிற்றுக்கிழமை ஊர்ப்பக்கம் போய் மண்ணில் பரிசுப் பணத்துக்கு ஆடிவிட்டு, திங்கட்கிழமை மறுபடி நிமிர்ந்து வந்து நிற்பான். ‘போகாதே’ என்று சொல்லவும் முடியாது. அந்தப் பணத்தில்தான் அவன் பாலும் பாதாமும் வாங்குகிறான்.

இரண்டாவது சிக்கல் தராசு. இதைத்தான் நான் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் உயிர் போகும். மல்யுத்தம் எடைப் பிரிவுகளில் நடப்பது. எழுபது கிலோ பையன் அறுபத்தைந்து கிலோப் பிரிவில் இறங்கினால் எதிராளி சின்னவன் என்று கணக்கு. அதற்காகச் சாப்பாட்டை நிறுத்துவான், தண்ணீரை நிறுத்துவான், ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டு வியர்க்க வியர்க்க ஓடுவான். 1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்காவில் ஐந்தாறு வாரங்களுக்குள் மூன்று வெவ்வேறு கல்லூரிகளைச் சேர்ந்த மூன்று மாணவ மல்லர்கள் இப்படி எடை குறைக்கும்போதே இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அங்கே ரப்பர் உடைக்கும் சூட்டறைகளுக்கும் தடை வந்தது. நம் ஊரில் 2024 ஆகஸ்டில் பாரிஸில் வினேஷ் போகாட் இறுதிப் போட்டியன்று காலை நூறு கிராம் அதிகமாக இருந்து வெளியேற்றப்பட்டபோது நாடே தராசைப் பற்றிப் பேசியது. இரண்டு வாரம் பேசியது. ஒவ்வொரு வருஷமும் பல்கலைக் கழகங்களுக்கு இடையிலான போட்டிகளுக்குக் கிளம்பும் அணியில் எந்தப் பையன் இரண்டு நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லை என்பதைக் கவனிக்கவேண்டியவர் இந்த கோச்தான். டாக்டர் கூட வருவதில்லை. ‘இந்தப் பிரிவில் உன்னை இறக்கமாட்டேன்’ என்று சொன்னால் ஒரு பதக்கம் போகலாம். பதக்கம் போனால் அவருடைய ஒப்பந்தமும் போகலாம். அப்படிச் சொல்கிற தைரியம் ஒருவருக்கு வேண்டுமென்றால் அவருடைய வேலை உறுதியாக இருக்கவேண்டும் என்பது எனக்கு அடிப்படையான விஷயமாகத் தோன்றுகிறது.

சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் முதலில் வாங்கித் தந்தவர் ஒரு கல்லூரி மாணவர் என்பது பலருக்கு மறந்துவிட்டது. கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் கே.டி. ஜாதவ். 1948ல் லண்டனில்தான் அவர் முதன்முதலாக மெத்தையில் ஆடினார். மண்ணிலிருந்து நேராகப் போனவர் ஆறாவது இடத்துக்கு வந்தார். அதற்குமுன் அவருக்குச் சர்வதேச விதிகளைச் சொல்லிக்கொடுத்தவர் ரீஸ் கார்ட்னர் என்ற அமெரிக்கர். 1952ல் ஹெல்சிங்கி போகப் பணம் போதவில்லை. கல்லூரி முதல்வர் கர்டிகர் தன் வீட்டை அடமானம் வைத்து ஏழாயிரம் ரூபாய் கொடுத்தார். ஜாதவ் வெண்கலத்தோடு திரும்பினார், ஊரில் நூற்றுக்கு மேற்பட்ட மாட்டு வண்டிகளில் ஊர்வலம், பிறகு குஸ்திகள் நடத்திப் பணம் சேர்த்து முதல்வரின் கடனை அடைத்தார். இந்தக் கதையில் என்னை உறுத்துவது வேறு ஓர் இடம். ஹெல்சிங்கியில் நீண்ட நேரம் ஆடிக் களைத்தவரை அடுத்த ஆட்டத்துக்கு உடனே கூப்பிட்டுவிட்டார்கள். இடையில் அரைமணி ஓய்வு தரவேண்டும் என்பது விதி. அதை எடுத்துச் சொல்லி வாதாட அங்கே இந்திய அதிகாரி ஒருவரும் இல்லை. வெண்கலம் வெள்ளியாகவோ தங்கமாகவோ ஆகியிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. ஓரத்தில் ஒரு ஆள் நின்றிருக்கலாம். அந்த ஆளுக்குத்தான் கோச் என்று பெயர்.

அடுத்த பதக்கத்துக்கு மல்யுத்தம் ஐம்பத்தாறு வருஷம் காத்திருந்தது. 2008ல் ஆரம்பித்து 2024 வரை ஏழு பதக்கங்கள். ஏழுமே ஹரியானா, டெல்லி வட்டாரத்து மல்லர்கள் கொண்டுவந்தவை. அங்கே குஸ்தியை வளர்த்த பெரிய பெயர் குரு ஹனுமான். 1999ல் விபத்தில் இறக்கும்வரை டெல்லி பிர்லா மில் அகாராவில் வாழ்ந்த பிரம்மச்சாரி. அவருடைய சீடர் சத்பால் 1982 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார், சத்ரசால் அரங்கத்தில் அடுத்த தலைமுறையை உருவாக்கினார். இரண்டு பேருக்கும் துரோணாச்சார்யா விருது கிடைத்தது. இரண்டுமே பல்கலைக் கழகக் கதை இல்லை. கர்நாடகத்திலும் தாவணகெரே விளையாட்டு விடுதி, பெலகாவி, தார்வாட் என்று வடக்குப் பக்கம்தான் மெத்தைக் குஸ்தி வேர் பிடித்தது. பாகல்கோட்டைக்காரரான அர்ஜுன் ஹலகுர்கி 2020ல் ஆசியப் போட்டியில் கிரேக்க-ரோமன் பிரிவில் வெண்கலம் வாங்கினார். ராஜாக்கள் வளர்த்த மைசூர் மண்ணிலேயே தங்கிப்போனது.

பல்கலைக் கழகம் மனது வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் அயோவா உதாரணம். சோள வயல்கள் சூழ்ந்த மாநிலம். அங்கே டான் கேபிள் என்பவர் 1976லிருந்து 1997வரை பல்கலைக் கழகத்தின் தலைமைக் குஸ்தி கோச். இருபத்தொரு பருவங்களில் பதினைந்து தேசியப் பட்டங்கள், அதில் ஒன்பது தொடர்ச்சியாக. மாணவராக இருந்தபோது பள்ளியிலும் கல்லூரியிலும் சேர்த்து ஆடிய 182 ஆட்டங்களில் ஒன்றில்தான் தோற்றார், அதுவும் கடைசி ஆட்டத்தில். இரண்டு வருஷம் கழித்து, 1972 மியூனிக்கில், எதிராளிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் தங்கம் வாங்கினார். பல்கலைக் கழக அரங்கத்துக்கு வெளியே அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். பணக்கார நாட்டோடு ஒப்பிடுவது நியாயமில்லைதான். நான் பணத்தைச் சொல்லவில்லை. ஒரே ஆள், ஒரே இடம், இருபத்தொரு வருஷம். முதல் வருஷம் செய்த தவறை ஐந்தாம் வருஷம் திருத்திக்கொள்ள அவருக்கு அவகாசம் இருந்தது. ஆண்டுக்கொரு கோச் என்றால் தவறுகளும் ஆண்டுதோறும் புதிதாக ஆரம்பிக்கும்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 2004லிருந்து பெண்கள் மல்யுத்தம் ஒலிம்பிக்கில் இருக்கிறது. 2016ல் ரியோவில் சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வாங்கினார். அதே சாக்‌ஷியும் மற்றவர்களும் 2023ல் டெல்லி ஜந்தர் மந்தரில் நடைபாதையில் உட்கார்ந்து, சம்மேளனத் தலைவர்மீது பாலியல் புகார் கூறிப் போராடியதையும் நாடு பார்த்தது. தசரா கோதாவில் இறங்குகிற பெண்களின் அப்பாக்கள் அதைப் பார்த்திருக்கமாட்டார்களா? பிடி போட்டுச் சொல்லிக்கொடுக்கிற விளையாட்டு இது. பெண் கோச்சுகள் இல்லாமல் கல்லூரிகளில் பெண்கள் அணி என்பது பெரும்பாலும் பெயரளவில்தான் இருக்கும். பாட்டியாலாவில் படித்த பெண்கள் இருக்கிறார்கள். பணியிடம்தான் இல்லை.

ஓய்வு பெற்ற பின் இந்த ‘சார்’கள் பலர் கரடிக்கே திரும்பிவிடுகிறார்கள். அங்கே டிப்ளமாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. காலை ஐந்து மணிக்கு முன்பே விளக்கு எரியும். டிராக் சூட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மண்வெட்டியை எடுத்தால், வாசலில் செருப்பைக் கழற்றுகிற பத்து வயசுப் பையன் அவரையும் ‘உஸ்தாத்’ என்றுதான் கூப்பிடுகிறான். மண்ணைப் புரட்டி முடித்ததும் அவர் அவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது, குனிந்து நிற்பது.